இரண்டாவது மணியோசை

அத்தியாயம் 17

நேற்றிரவு வைத்த சாப்பாட்டை மிளகு தொடவே இல்லை.

காலை ஆறு மணிக்கு எழுந்து வந்த கிருத்திகா, தட்டு வைத்தபடியே இருப்பதைப் பார்த்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள். சாதம் காய்ந்து, காரட் துண்டுகள் சுருங்கிப் போயிருந்தன. ஈ கூட அதில் உட்காரவில்லை. பதினோராவது மாடிக்கு ஈயே வருவதில்லை என்பதால் அது பெரிய சாட்சியமும் இல்லை.

போன வாரம் மிளகு பாதித் தட்டை மிச்சம் வைத்ததற்கே அவள் வீட்டை ரெண்டு பண்ணியது நினைவிருக்கும். "நாய்க்கும் ஒரு நாள் பசிக்காது, விடேன்" என்று சொல்லிவிட்டு அவள் கணவன் தருண் ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டான். மாமனார் சுந்தரராமன்தான், "வெயில் காலம்மா, அப்படித்தான் இருக்கும்" என்று ஆறுதல் சொன்னார். அன்றைக்கு ஐந்து கிலோ இருநூறு இருந்த மிளகு, நேற்று எடை பார்த்தபோது நாலு கிலோ அறுநூறு.

மிளகு ஒரு கறுப்புப் பொமரேனியன். ஆள் இருக்கிற அளவுக்கும் அதன் சாப்பாட்டுக்கு நடக்கிற ஏற்பாட்டுக்கும் சம்பந்தமே கிடையாது. அந்த வீட்டில் மனிதர்களுக்கு ஒரு ரசமும் ஒரு பொரியலும் போதும். மிளகுக்கு எல்லாம் தராசில் நிறுத்தாக வேண்டும். எண்பது கிராம் கோழி நெஞ்சுக்கறி, குழைய வெந்த சாதம் இரண்டு கரண்டி, பறங்கிக்காய், காரட், பீன்ஸ், ஒருநாள் விட்டு ஒருநாள் அரை முட்டை. உப்பு, எண்ணெய், காரம் எதுவும் கிடையாது. குட்டியாக இருந்தபோது பாக்கெட் தீனி சேராமல் தோலெல்லாம் புண்ணாகிக் கிடந்ததை இந்தச் சாப்பாடுதான் தேற்றியது. அன்றிலிருந்து கிருத்திகா பாக்கெட் வாங்குவதில்லை.

இதில் ஒரே சிக்கல், அது மாமிசம் புழங்காத வீடு. அதற்கும் வழி கண்டுபிடித்திருந்தார்கள். காய்களை கிருத்திகா வேகவைப்பாள். கோழியை, வேலைக்கு வரும் காந்தா, சமையலறைக்குப் பின்னால் வாஷிங் மெஷின் இருக்கும் யூட்டிலிட்டியில் தனி அடுப்பு, தனிப் பாத்திரம் வைத்து வேகவைப்பாள். பெங்களூர் ஜோகுபாளையத்தில் தன் தெருக்கடையிலேயே கறியை வாங்கி, இவர்கள் இருக்கும் வைட்ஃபீல்டுக்குக் கையோடு கொண்டு வந்துவிடுவாள். கறியும் காயும் மிளகின் தட்டில்தான் ஒன்றையொன்று பார்க்கும்.

மனைவி ராதா போன வருஷம் தவறியபின் சுந்தரராமன் திருச்சி வீட்டைப் பூட்டிவிட்டு மகனோடு வந்து சேர்ந்தார். வந்த புதிதில் இந்தக் கோழி ஏற்பாட்டைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். ஒரே மாதத்தில் மிளகு அவரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிற பட்டியலே அவர் எழுதியதுதான். ஒரு பாய்லர் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருஷம் வரைபடம் வரைகிற டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவர், எழுத்தெல்லாம் ஸ்கேல் பிடித்து வரைந்ததுபோல் ஒரே உயரமாக இருக்கும். 'மிளகுக்குக் கொடுக்கக் கூடாதவை. வெங்காயம். பூண்டு. திராட்சை, பச்சையானாலும் உலர்ந்ததானாலும். சாக்லேட். காபி.' அடியில் இரட்டைக் கோடு.

பூஜையும் அவர் பொறுப்புதான். ராதா இருந்தவரை அவள் செய்ததையே இவரும் செய்தார். சின்ன வெள்ளிக் கிண்ணத்தில் உலர்திராட்சை நைவேத்தியம், மணி, கற்பூரம். அப்புறம் வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரையும் தேடிப் போய்க் கையில் நாலு திராட்சை. காந்தாவுக்கும் உண்டு. மிளகுக்கு மட்டும் வாழைப்பழத் துண்டு. "அவனுக்குத் திராட்சை விஷம்மா, தெரியாத்தனமா கொடுத்துடாதே" என்று ஒருமுறை அவர் கிருத்திகாவையே எச்சரித்திருக்கிறார்.

இனி இன்றைய புதன்கிழமைக்கு வருவோம்.

"திராட்சை தீர்ந்துடுத்தும்மா" என்று சுந்தரராமன் காலியான டப்பாவைக் கொண்டுவந்து காட்டினார். குளித்து, பளிச்சென்று விபூதி இட்டிருந்தார்.

கிருத்திகா ஃபோனை எடுத்து ஆர்டர் போட்டாள். 'நான்கு நாட்களுக்கு முன் இதை வாங்கினீர்கள்' என்று திரை நினைவுபடுத்தியது. அதற்குமுன் ஒரு பாக்கெட் வாங்கியதும் அவளுக்கு லேசாக ஞாபகம் வந்தது. யார் தின்கிறார்கள் என்று யோசிப்பதற்குள் சோபாவுக்கு அடியிலிருந்து மிளகின் முனகல் கேட்டது. பொத்தானை அழுத்திவிட்டு அங்கே ஓடினாள்.

பத்து நிமிஷத்தில் பாக்கெட் வந்தது. ஏழரைக்குப் பூஜை மணி அடித்தது. தருண் நின்றபடியே பிரசாதத்தை வாயில் போட்டுக்கொண்டு கிளம்பினான். கிருத்திகாவுக்கு இன்று வீட்டிலிருந்துதான் வேலை. ஒரு கையால் திராட்சையை வாங்கிக்கொண்டு மறுகையால் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். வெளிச் சத்தம் எதுவும் உள்ளே வராத உயர்ந்த ரக ஹெட்ஃபோன் அது. தருண் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தது.

காந்தா ஏழு மணிக்கே வந்திருந்தாள். கறியைக் கழுவி வேகப்போட்டாள். வெந்ததும் நாராகப் பிய்த்து, காயும் சாதமும் கலந்து ஆற வைத்து, மிளகின் முன் கொண்டுபோய் உட்கார்ந்தாள். மிளகு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. விரலால் துளி எடுத்து அதன் உதட்டில் தடவினாள். அதையும் அது துடைத்துக்கொண்டது.

"இன்னாடா ராஜா, உனக்காகத்தானே காத்தால அஞ்சுக்கு எழுந்து லைன்ல நின்னேன்" என்றாள் காந்தா. அது வாலைக்கூட அசைக்கவில்லை.

ஒன்பதரை வாக்கில் அவள் கிருத்திகாவின் அறை வாசலில் வந்து நின்றாள். கிருத்திகா மீட்டிங்கில் இருந்தாள். ஹெட்ஃபோனை ஒரு காதிலிருந்து மட்டும் விலக்கினாள்.

"அக்கா, பெரியவரு இன்னிக்கும் ரெண்டு தபா மணியடிச்சாரு."

"ம். ஏதாவது விசேஷமா இருக்கும், காந்தாக்கா."

காந்தா ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். கிருத்திகா திரையில் யாருக்கோ தலையாட்டிக்கொண்டிருந்தாள். காந்தா போய்விட்டாள்.

அந்த ஒரு நிமிஷத்தைத்தான் கிருத்திகா அன்று முழுக்கத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டாள்.

பத்து மணிக்கு மிளகு கூடத்தின் நடுவில் வாந்தி எடுத்தது. எடுத்த இடத்திலேயே பின்னங்கால் மடங்கி உட்கார்ந்தது. பிறகு சரிந்து படுத்துவிட்டது.

*

காரில் மிளகை ஒரு துண்டில் சுற்றி சுந்தரராமன் மடியில் வைத்துக்கொண்டார். "நான் வச்சுக்கறேன், என்கிட்டதான் அவன் அடங்குவான்" என்று அவரே வாங்கிக்கொண்டார். வழியெல்லாம் அதன் காதுக்குப் பின்னால் தடவிக்கொண்டே வந்தார். சிக்னலில் நின்ற இருபது நிமிஷமும் கிருத்திகா மிளகின் வயிறு ஏறி இறங்குகிறதா என்பதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் ஓஸ்வால்ட் நரைத்த மீசைக்காரர். மிளகைக் குட்டியிலிருந்து பார்க்கிறவர். இந்தச் சாப்பாட்டுக்கு அளவு போட்டுக் கொடுத்ததே அவர்தான். ஈறை விரலால் அழுத்திப் பார்த்தார், ரத்தம் எடுத்தார், ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் மிளகு மறுபடி வாந்தி எடுக்க, உதவியாளர் ஸ்டீல் தட்டில் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் தட்டை விளக்குக்குக் கீழே கொண்டுபோய் ஒரு குச்சியால் கிளறினார். பிறகு கிருத்திகாவை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"இது என்னன்னு சொல்லுங்கம்மா."

தட்டில் ஊறி உப்பிப்போன பழுப்பு நிற உருண்டைகள் கிடந்தன. கிருத்திகாவுக்கு உடனே தெரிந்துவிட்டது.

"உலர்திராட்சை" என்றார் டாக்டர். "ஏழெட்டு இருக்கு. மெல்லாமலே முழுங்கியிருக்கு."

"சான்ஸே இல்ல டாக்டர். எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும். ஃபிரிட்ஜ்ல லிஸ்ட்டே ஒட்டியிருக்கோம்."

"லிஸ்ட் ஒட்டினது நல்லதுதான்ம்மா. ஆனா யாரோ கொடுத்திருக்காங்க. இன்னிக்கு மட்டும் இல்ல. கிட்னி ரீடிங் பார்த்தா கொஞ்ச நாளாவே நடந்திருக்கு. சில நாய்க்கு ஒரு பிடி போனாலும் ஒண்ணும் ஆகாது. சிலதுக்கு நாலே போதும். எதுக்கு எவ்வளவுன்னு நம்மால முன்கூட்டிச் சொல்ல முடியாது."

"பிழைச்சுடுமா?"

அவர் கையுறையைக் கழற்றினார். "டிரிப் போட்டுட்டேன். ரெண்டு நாள் இங்கயே இருக்கட்டும். சாயங்காலம் ஆறு மணிக்குள்ள யூரின் போச்சுன்னா எனக்குக் கொஞ்சம் தைரியம் வரும். போகலைன்னா நானே ஃபோன் பண்றேன்." கதவு வரை வந்தவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "முதல்ல யார் கொடுக்கறாங்கன்னு பாருங்க. இதை நான் காப்பாத்தி அனுப்பி, அது மறுபடி அந்தக் கைக்கே போச்சுன்னா பிரயோஜனம் இல்ல."

வெளியே பெஞ்சில் சுந்தரராமன் காலியான துண்டை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூலைக்கு மூலை சரியாக ஒட்டியிருந்தது அந்த மடிப்பு.

கிருத்திகா நடைபாதைக்குப் போய் தருணை அழைத்தாள்.

"திராட்சையா?" என்றான் தருண். அரை நொடிகூட யோசிக்கவில்லை. "காந்தா."

"சும்மா சொல்லாதே."

"பின்ன யாரு? நீயா? நானா? அப்பாவா? அந்த லிஸ்ட்டை எழுதினதே அப்பா. போன வாரம் புத்த பூர்ணிமான்னு அந்தம்மா பாயசம் கொண்டு வந்தாங்களே, அன்னிலேர்ந்துதானே இவன் சாப்பிடலை? பாயசம்னா திராட்சை இல்லாமலா? மிச்சத்தை இவனுக்கு ஊத்தியிருப்பாங்க. கறி வேகவைக்கறேன்னு பின்னாடி அவங்க என்ன பண்றாங்கன்னு நாம யாராவது போய்ப் பாக்கறோமா?"

பார்ப்பதில்லை. அதுதான் கிருத்திகாவைக் குத்தியது. அந்தப் பாயசத்தில் அவளும் ஒரு கிண்ணம் சாப்பிட்டாள். மாமனார் இரண்டு கிண்ணம் சாப்பிட்டு, "கை மணம் இருக்கும்மா உனக்கு" என்று காந்தாவிடம் சொன்னார். திராட்சை இருந்ததா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

"நீ அவசரப்பட்டு எதுவும் செய்யாதே" என்று மட்டும் சொன்னாள். அவங்க அப்படிப்பட்டவங்க இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

திரும்பும்போது சுந்தரராமன் வெகுநேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மே மாத மழைக்கு முன்னால் பெங்களூரில் வருகிற அந்த மண் வாசனை காருக்குள்ளும் வந்தது.

"ராதாகிட்ட இப்ப ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றார் திடீரென்று. "பயந்துடுவா."

கிருத்திகா அவரைத் திரும்பிப் பார்த்தாள். பாவம், மனசுக்குள் மாமியின் படத்தோடு பேசிக்கொள்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தாள். அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "சரி மாமா, சொல்லலை" என்றாள்.

*

இரண்டு மணிக்கு காந்தாவிடமிருந்து ஃபோன் வந்தது.

"அக்கா, மத்தியான வேலைக்குத் திரும்பி வந்தா கேட்ல என்னை உள்ள வுட மாட்டேங்கறாங்க."

கிருத்திகா மாமனாருக்குத் தட்டு வைத்துக்கொண்டிருந்தாள். அப்படியே போட்டுவிட்டு லிஃப்டுக்கு ஓடினாள். லிஃப்டில் இறங்கும்போதுதான் குடியிருப்போர் வாட்ஸாப் குழுவைத் திறந்து பார்த்தாள். தருண் பன்னிரண்டரைக்கே எழுதிவிட்டிருந்தான். 'எங்கள் வீட்டில் வேலை செய்யும் காந்தா நாய்க்கு ஆகாததைக் கொடுத்து, அது உயிருக்குப் போராடுகிறது. செல்லப் பிராணிகள், குழந்தைகள் உள்ளவர்கள் ஜாக்கிரதை.' கீழே நாற்பத்தாறு பேர் பதில் போட்டிருந்தார்கள். கைகூப்பிய படங்கள், நன்றி, நன்றி.

காவலாளி கிருத்திகாவைப் பார்த்ததும் எழுந்து நின்றான். "மேடம், ஆப்னல்லி பிளாக் மாடிபிட்டிதாரே" என்று கன்னடத்தில் சொல்லிக் கையை விரித்தான். கேட் ஆப்பில் தடை போட்டுவிட்டார்களாம்; அவன் ஃபோனில் காந்தாவின் பெயருக்கு எதிரே சிவப்புப் புள்ளி இருந்தது. வீட்டுக்காரர் நீக்கிவிட்டால் அவன் என்ன செய்வான்.

காந்தா காவலறைக்கு வெளியே சுவரோரம் நின்றிருந்தாள். கையில் பையும், அதன்மேல் ஒரு காலி ஸ்டீல் டப்பாவும் இருந்தன.

"சி பிளாக் லீனா மேடமும் வர வேணாம்னு மெசேஜ் போட்டுட்டாங்க. எட்டு வருசமா இந்த கேட்டுல வந்துட்டுப் போறேன்க்கா. ஒரு தபா என் பைய யாரும் தொறந்ததில்ல. இன்னிக்கு அந்தாளு என் சாப்பாட்டு டப்பாவைத் தொறந்து மோந்து பாக்கறான்." அவள் அழவில்லை. அழுதிருந்தால் கிருத்திகாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "மிளகு எப்பிடி கீது? அத்த மொதல்ல சொல்லுங்க."

"டிரிப் ஏறுது. ஆறு மணிக்குத்தான் தெரியும்." கிருத்திகா காவலாளிக்குக் கேட்காதபடி நெருங்கி வந்தாள். "காந்தாக்கா, தப்பா நினைக்காதீங்க. அன்னிக்குக் கொண்டு வந்த பாயசத்துல திராட்சை இருந்துதா?"

காந்தா அவளை நிமிர்ந்து பார்த்தாள். கேட்டேவிட்டாயா என்பது அந்தப் பார்வையில் இருந்தது.

"இல்ல. முந்திரி மட்டுந்தான். எங்க வூட்ல என் பொண்ணு சங்கமித்ரா சண்டையே போட்டா, இன்னாம்மா இந்த வருசம் திராட்சையே காணோம்னு. உங்க வூட்டுக்கு எடுத்துட்டுப் போறது, அங்க ஒரு குட்டி கீது, ஒண்ணு ரெண்டு கீழ சிந்தினா நக்கிடும், வேணான்னு நாந்தான் சொன்னேன். ஃபிரிட்ஜ்ல எழுதி வெச்சிருக்கீங்களே, எனக்குப் படிக்கத் தெரியாதா?"

கிருத்திகாவுக்குத் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. வெட்கம் அடங்குவதற்குள் அதைவிடப் பெரிதாக ஒன்று உள்ளே எழுந்தது. காந்தா இல்லை. தருண் இல்லை. தான் இல்லை.

"காலைல வந்து சொன்னேன்க்கா" என்றாள் காந்தா மெதுவாக. "பெரியவரு ரெண்டு தபா மணியடிச்சாருன்னு."

"எத்தனை நாளா?"

"பத்து நாளுக்கு ஜாஸ்தி இருக்கும். மொதல்ல ஏதோ விரதம்னு நெனச்சேன். உங்க பூஜை வழக்கம் எனக்கு இன்னா தெரியும்? அப்பறம் ஒரு நாள் கதவாண்ட நின்னு பாத்தேன். அப்பத்தான் புதுசா பூஜைக்கு வந்த மாதிரி, காத்தால வெச்ச பூவை எடுத்துட்டு வேற பூ வெச்சாரு. மணியடிச்சாரு. எனக்கு ரெண்டாவது தபா பிரசாதம் குடுத்தாரு. 'இப்பதான் வந்தியாம்மா'ன்னு கேட்டாரு. நான் வந்து ரெண்டு மணி நேரம் ஆயிருந்திச்சு."

"மிளகுக்கு என்ன கொடுத்தார்?"

"கைய மூடித்தானே குடுப்பாரு. வாழப்பழம்னுதான் நெனச்சேன். அது என்னிக்கும் வாழப்பழந்தானே."

தூரத்தில் இடி உருண்டது. காவலாளி நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"இதை ஏன் என்கிட்ட தெளிவா சொல்லலை நீங்க?"

"வூட்டுப் பெரியவரைப் பத்தி வேலைக்காரி இன்னான்னு சொல்றது? அவரு பேர நான் எடுக்கலக்கா. மணியத்தான் சொன்னேன். நீங்க கேட்டுப்பீங்கன்னு பாத்தேன்."

கிருத்திகா காந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கை ஜில்லென்று இருந்தது. "ஒரு மணி நேரம் பொறுங்க. தருண்கிட்ட பேசி அந்த மெசேஜை எடுக்க வைக்கிறேன். நானே வந்து உங்களை உள்ள கூட்டிட்டுப் போறேன்."

"பேசி இன்னா சொல்லுவீங்க?" என்று கேட்டாள் காந்தா. "நான் குடுக்கலைன்னா, யாரு குடுத்தான்னு அவரு கேப்பாரே."

முதல் தூறல் விழுந்தது. காந்தா டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டு, சுவரை ஒட்டி இன்னும் கொஞ்சம் நகர்ந்து நின்றாள்.

*

லிஃப்டில் ஏறும்போது கிருத்திகா தனக்குத்தானே பேசிக்கொண்டாள். ஒருமுறை மறந்து கொடுத்திருக்கலாம். எழுபத்தோரு வயசு. மனைவி போன துக்கம். புது ஊர். யாருக்குத்தான் மறக்காது? தருணிடம் அப்படியே சொல்லிவிடலாம். 'அப்பா தெரியாமல் கொடுத்துவிட்டார்' என்று சொன்னால் ஒரு வாரம் வருத்தப்படுவான், அவ்வளவுதான். அப்பா என்றால் அவனுக்கு உயிர். கணக்குப் புத்தகம் வைத்துக்கொள்ளாமலே முப்பது வருஷத்து வரைபட எண்களை ஒப்பிப்பார் என்று ஆபீஸில் எல்லாரிடமும் பெருமை அடித்துக்கொள்கிறவன்.

வீட்டுக் கதவைத் திறந்தாள்.

உள்ளே பூஜை மணி அடித்துக்கொண்டிருந்தது.

மணி மூன்றடிக்கப் பத்து நிமிஷம். கூடம் முழுக்கக் கற்பூரப் புகை. அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். அவள் வைத்துவிட்டுப் போன சாப்பாட்டுத் தட்டு மேஜையில் அப்படியே இருந்தது.

மணி நின்றது. சுந்தரராமன் வெள்ளிக் கிண்ணத்தோடு வெளியே வந்தார். விபூதி ஈரம் காயாமல் இருந்தது. மறுபடி குளித்திருக்கிறார்.

"வந்துட்டியா. கையை நீட்டு."

நீட்டினாள். நாலு திராட்சை வைத்தார். எப்போதும்போல் எண்ணித்தான் வைத்தார். பிறகு அவளைத் தாண்டிப் பார்த்து நாக்கைச் சொடுக்கினார்.

"மிளகு எங்கே? காலைலேர்ந்து கண்ணுலயே படலை. மிளகு, வாடா. பிரசாதம் வாங்கிக்கோ." மெதுவாகக் குனிந்து சோபாவுக்கு அடியில் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் அவருடைய இடது கை மூடியிருந்தது. தினமும் மிளகைச் சீண்டி ஓடவிட்டுக் கொடுப்பாரே, அதே மாதிரி.

கிருத்திகா அந்தக் கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள். உள்ளே வாழைப்பழம் இல்லை.

"மாமா, மிளகு ஆஸ்பத்திரியில இருக்கான். நீங்கதானே அவனை மடியில வச்சுண்டு வந்தேள்?"

அவர் நிமிர்ந்தார். கண்கள் அவள் முகத்தில் எதையோ தேடின. பரீட்சையில் பக்கத்துப் பையன் தாளைப் பார்க்கிற மாதிரி ஒரு தேடல்.

"ஆமாமா" என்றார், கொஞ்சம் சீக்கிரமாகவே. "ஆஸ்பத்திரி. டாக்டர்கூட சொன்னாரே." என்ன சொன்னார் என்பது அவளிடமிருந்து வரும் என்று காத்திருந்தார்.

காரில் அவர் ராதாவைப் பற்றிச் சொன்னது இப்போதுதான் அவளுக்குச் சரியாகக் காதில் விழுந்தது. படத்தோடு பேசிக்கொள்ளவில்லை அவர்.

இன்னும் ஒரே ஒரு வழி பாக்கி இருந்தது. அதைச் செய்யாமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் நிம்மதியாக இருந்திருக்கலாமோ என்று பின்னால் அவள் நினைத்ததுண்டு. அவருடைய முழங்கையைப் பிடித்து சமையலறைக்குக் கூட்டிப் போனாள். ஃபிரிட்ஜ் முன்னால் நிறுத்தினாள்.

"இதைக் கொஞ்சம் படிங்கோ மாமா."

அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். கிண்ணத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, விரலை வைத்து, உரக்கப் படித்தார்.

"மிளகுக்குக் கொடுக்கக் கூடாதவை. வெங்காயம். பூண்டு. திராட்சை, பச்சையானாலும் உலர்ந்ததானாலும்."

கிருத்திகா அவர் முகத்தையே பார்த்தாள். இப்போது கிண்ணத்தைப் பார்ப்பார். இப்போது கை நடுங்கும். ஐயோ என்பார். அவர் ஐயோ என்று கத்தி அழுதால்கூடப் போதும் என்று இருந்தது அவளுக்கு.

"சாக்லேட். காபி" என்று படித்து முடித்தார்.

மேடைமேல் அவளுடைய ஃபோன் அதிர்ந்தது. தருண். கீழே, மழையில், காந்தா காத்துக்கொண்டிருந்தாள். கிருத்திகா ஃபோனை எடுக்கவில்லை.

சுந்தரராமன் இரட்டைக் கோட்டின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். ஒரு மயிரிழைகூட விலகாத கோடு. அவர் முகம் மலர்ந்தது.

"நல்ல கைம்மா" என்றார். "டிராயிங் ஆபீஸ்ல வேலை பார்த்தவனாத்தான் இருக்கணும். யாரு எழுதிக் கொடுத்தா?"